ஏவால்ட் பங்குச் சுருட்டு

ஏவால்ட் லோமானைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் குரலைப் பற்றித்தான் சொல்வார்கள். என்ன குரல், என்ன பேச்சு, பெர்லின் வரைக்கும் கேட்ட குரல் என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். அந்தக் குரலுக்குச் சோறு போட்டது யார் என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. நான்தான் போட்டேன். என் பெயர் ஆல்மா.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் சுருட்டு சுற்றினோம். சுற்றினோம் என்று சொல்வதே அவனுக்கு நான் காட்டும் தாராளம். சுற்றியது நான், அவன் பத்திரிகை வாசித்தான். சுருட்டுப் பட்டறைகளில் அப்போது அதுதான் வழக்கம். ஒருவன் சுவரோரம் உயரமான முக்காலியில் உட்கார்ந்து எங்கள் தொழிலாளர் கட்சிப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பான். மற்றவர்கள் கைவேலை பார்த்துக்கொண்டே கேட்போம். கூலி சுருட்டுக் கணக்கில்தான் என்பதால், வாசிப்பவன் பட்டினி கிடக்கக் கூடாதே என்று அவன் பங்குச் சுருட்டை மேசையில் இருப்பவர்கள் பிரித்துக்கொண்டு சுற்றிக் கொடுப்போம். யார் கை வேகமோ அவர்கள் தலையில் கூடுதலாக விழும். அந்த மேசையில் என் கையை முந்த ஆளில்லை. ஆகவே ஏவால்ட் லோமான் தின்ற ரொட்டியில் பாதி என் விரலில் இருந்து போனது.

ஒரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னை வாசிக்கச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தச் செய்தி அது. வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் பட்டறை முழுக்க ஒரு கையும் அசையவில்லை. கத்தி ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். கிழவன் பிரிங்க்மான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் மேசையில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பிரிங்க்மானே வந்து சொன்னான்.

“ஆல்மா, நீ நல்லாத்தான் வாசிச்ச. அதான் பிரச்சனையே. நீ வாசிச்சா கை நின்னு போகுது. நேத்து எல்லாருக்கும் கூலில துண்டு விழுந்துச்சு. ஏவால்ட் வாசிச்சா பாதி காதுல விழும், பாதி விழாது, வேலை பாட்டுக்கு வேலை நடக்கும்.”

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஏவால்டும் சிரித்தான். நான் மறுபடி கத்தியை எடுத்து அவன் பங்கைச் சுற்ற ஆரம்பித்தேன். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குப் பற்றியது, இன்னும் அணையவில்லை. அதை மறைக்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன் என்று யாராவது நினைத்தால் நல்ல கண்ணாடியாக வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் புருஷன் ஹினெர்க் இருந்தான், சண்டை போடாத நல்ல மனுஷன். ஏவால்டுக்கு டோரா இருந்தாள். நான் அவன் பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. அவனையே பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன்.

யுத்தத்தில் ஹினெர்க் போய்விட்டான். மன்னர் கைசரும் நாட்டை விட்டுப் போனார். பெண்களுக்கு ஓட்டு வந்தது, தேர்தலில் நிற்கவும் உரிமை வந்தது. மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த அந்த யுத்தக் குளிர்காலத்தில் ஆலை வாசல்களில் நின்று பேசியவள் நான். கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் ஒரு பெண்ணைப் போட வேண்டும் என்று முடிவானதும், கறுப்பு ரவிக்கையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மாவட்டக் கூட்டத்துக்குப் போனேன். ஏவால்ட் எழுந்து பேசினான்.

“தோழர் ஆல்மாவ மாதிரி பேச இந்த மாவட்டத்துல ஆள் கிடையாது. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவன் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சுற்று வட்டாரமெல்லாம் சர்ச்சே கதி என்று கிடக்கும் விவசாயிகள். என் நாக்கைக் கேட்டால் பயந்து வலதுசாரிகளுக்குப் போட்டுவிடுவார்கள். முதல் தேர்தல், நிதானமான முகம் வேண்டும். பெண் இடம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் மனைவிக்குப் போனது. நல்லவள்தான், கையுறை போட்டிருந்தாள். இரண்டு இடம் மேலே ஏவால்ட் லோமான். கட்சிக்கு விழும் ஓட்டுக்குத் தக்கபடி பட்டியலின் மேலிருந்துதான் ஆட்கள் பாராளுமன்றம் போவார்கள்.

பிறகு அவன் ஏறியதை நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். முதலில் ஒரு தொப்பி வந்தது. பிறகு தோல் பை. பிறகு மாகாணக் கட்சியே அவன் கையில். பத்திரிகையில் அவன் படம், அமைச்சர் பக்கத்தில். ஒவ்வொரு தேர்தலுக்கும் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் “ஏவால்ட் லோமான், சுருட்டுத் தொழிலாளி” என்று போடுவார்கள். பாராளுமன்றத்தில் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தும் தொழில் மாறவில்லை! அந்தச் சுவரைக் கடக்கும் போதெல்லாம் ‘சுருட்டுத் தொழிலாளி’ என்ற சொல்லை நகத்தால் சுரண்ட வேண்டும் போல் எனக்குக் கை அரிக்கும்.

ஆனால் ஊருக்கு வந்தால் நேராக என் சமையலறைக்குத்தான் வருவான். உருளைக்கிழங்கு அடை சுட்டு, பீட்ரூட் பாகு ஊற்றித் தருவேன். அவன் தின்றுகொண்டே தன் பேச்சை என்னிடம் ஒப்பிப்பான்.

“எப்படி இருக்கு?”

“உப்பு இல்ல.”

“அடையிலயா?”

“அடைய நான் சுட்டேன், அதுல எல்லாம் இருக்கு. உன் பேச்சுல. ‘வாழ்க்கைத் தரத்தின் வீழ்ச்சி’ன்னா யாருக்குடா புரியும்? காலைல ரொட்டி வெட்டும்போது அம்மாக்காரி தனக்கு ஒரு துண்டு வெட்டுறாளா இல்லையா, அதச் சொல்லு.”

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அதை மனதுக்குள் போட்டுக்கொள்வான். அடுத்த வாரம் பத்திரிகையில் அந்த ரொட்டித் துண்டு பெரிய எழுத்தில் வந்திருக்கும், அவன் பெயரில். பட்டறையில் வேறொருவன் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். “லோமான் லோமான்தான்” என்பார்கள். நான் இலையை வெட்டிக்கொண்டிருப்பேன்.

முப்பத்திரண்டாம் வருஷக் கோடையில் தொழிற்சங்க மண்டபத்தில் தேர்தல் கூட்டம். ஊரில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. மண்டபம் நிறைந்து ஜன்னலிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏவால்ட் பேச எழுந்ததும் கதவைத் திறந்துகொண்டு வலதுசாரிகளின் அடியாட்களான பழுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு கூட்டம் உள்ளே வந்தார்கள். கையில் தடி இல்லை. ஒரு மேசை, ஒரு பலகை, கத்தி, ஒரு கட்டுப் புகையிலை. மேடைக்குக் கீழே அதைப் போட்டுவிட்டு ஹோல்ஷர் முன்னால் வந்தான். அவன் ஒரு காலத்தில் எங்கள் பட்டறையில் தரம் பிரிக்கும் மேசையில் இருந்தவன். எந்தச் சுருட்டு எந்தக் கையில் சுற்றியது என்று பார்த்தே சொல்லிவிடுவான்.

“சுருட்டுத் தொழிலாளி லோமான் அவர்களே! கலாட்டா பண்ண வரல. ஒண்ணே ஒண்ணு சுத்திக் காட்டுங்க. சுத்திட்டீங்கன்னா நாங்க பேசாம போயிடறோம்.”

எங்கள் இளவட்டங்கள் எழுந்து கையை மடக்கினார்கள். ஏவால்ட் வேண்டாம் என்று சைகை காட்டினான். மறுத்தாலும் மானம் போகும், அடிதடி என்றாலும் கூட்டம் போகும். கீழே இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி வைத்து, மேசையில் உட்கார்ந்தான்.

நான் முதல் வரிசையில் இருந்தேன். மறைப்பானேன், என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் நான் சுரண்டத் துடித்த சொல்லை அவனே இப்போது ஊர் முன்னால் சுரண்டப் போகிறான்.

புகையிலையின் நடுநரம்பை உரித்தால் இரண்டு பாதி கிடைக்கும். இடப்பாதியை ஒரு கையால் சுற்றினால் வலப்பாதியை மறு கையால் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் நரம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மேலிலை பிரிந்துவரும். எங்கள் மேசையில் புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தப்பு இது. ஏவால்ட் இடப்பாதியை எடுத்தான், மாற்றிச் சுற்றினான். இலை பிரிந்தது. நாக்கால் ஈரப்படுத்தி மறுபடி சுற்றினான். மறுபடி பிரிந்தது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

ஹோல்ஷர் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“பாத்துக்கிட்டீங்களா மக்களே? பொம்பளைங்க சுத்திப் போட்ட சுருட்டு மேல ஏறி நின்னு பாராளுமன்றம் போன ஆளு. அவனுக்குப் போய் ஓசில சுத்திக் குடுத்த முட்டாளுங்க இன்னும் இங்கதான் உக்காந்திருக்கு!”

பழுப்புச் சட்டைகள் சிரித்தன. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஏவால்டைப் பார்த்து நான் சிரிக்கலாம், அதற்கு வேண்டியதை நான் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். ஹோல்ஷர் யார் சிரிக்க? என் கையையும் சேர்த்தல்லவா சிரிக்கிறான்? எழுந்துவிட்டேன்.

“ஏய் ஹோல்ஷர்! ஏவால்ட் பெட்டில இருந்தது என் கைச் சுருட்டுன்னு உனக்கு அன்னைக்கே தெரியும். ஆமா, நாங்கதான் சுத்திக் குடுத்தோம். எங்களுக்கு வாசிக்கிறவனுக்கு எங்க கையால கூலி குடுத்தோம், அதுல என்னடா கேவலம்? உங்க தலைவன் மேடைல கத்துறானே, அவனுக்கு யாரு கூலி குடுக்கறா? நீ சுத்தினியா? இல்ல எஃகு ஆலை முதலாளி சுத்தினானா?”

மண்டபம் அதிர்ந்தது. சுருட்டுக்காரர்கள் காலால் தரையை உதைத்தார்கள். ஹோல்ஷர் ஏதோ சொன்னான், அவனுக்கே கேட்டிருக்காது. நான் மேசைக்குப் போனேன். நான் சுற்றிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஏவால்ட் இடம் விட நகர்ந்தான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது.

“எந்திரிக்காத. இன்னைக்கு நீ சுத்து. நான் வாசிக்கிறேன்.”

அவன் பையிலிருந்து பேச்சுத் தாளை உருவிக்கொண்டு மேடையில் ஏறினேன். அவன் எழுதியதைத்தான் வாசித்தேன், உப்பில்லாத இடத்தில் மட்டும் என் உப்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பழைய பட்டறை திரும்பி வந்துவிட்டது. ஒரு கையும் அசையவில்லை. பீர்க் குவளைகளோடு வந்த பரிமாறுகிறவன் நடுவழியிலேயே நின்றுவிட்டான். ஹோல்ஷரின் ஆட்களில் ஒருவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான். கீழே ஏவால்டின் விரல்கள் என்ன பாடுபட்டன என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடித்துவிட்டு இறங்கினேன். ஏவால்ட் எழுந்து, கோணல்மாணலாக ஒன்றை உயர்த்திக் காட்டினான். பற்றவைத்தான், புகை வரவில்லை, இருமினான். “தோழர்களே, இப்ப தெரியுதா, என்னைய ஏன் வாசிக்க விட்டாங்கன்னு!” என்றான். அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து அழுதார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனார்கள். நான் மேசையில் சிந்திக் கிடந்த புகையிலையை வழித்துக் கட்டினேன், வீணாக்க மனம் வரவில்லை. மறுநாள் பத்திரிகையில் ‘தோழர் லோமானின் நகைச்சுவை மண்டபத்தை வென்றது’ என்று வந்தது. கடைசி வரியில் ‘ஒரு பெண் தோழரும் பேசினார்.’

ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவன் எனக்காகச் சண்டை போட்டான். அடுத்த பட்டியலில் அவன் பெயருக்கு நேர் கீழே என் பெயர் வந்தது. மறு வருஷம் பழுப்புச் சட்டைக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. மார்ச் தேர்தலில் எங்கள் சுவரொட்டியை ஒட்ட விடவில்லை, பத்திரிகையைப் பூட்டினார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படியும் ஓட்டு விழுந்தது. ஏவால்ட் வரைக்கும் விழுந்தது. அவனோடு நின்றுவிட்டது. ஒரே ஓர் இடத்தில் நான் வெளியே.

அந்த மாதமே பாராளுமன்றம் கூட இருந்தது. எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆள் கையில் எழுதிக் கொடுக்கும் சட்டத்துக்கு ஓட்டு. எங்கள் கட்சிக்காரர்கள் ‘இல்லை’ போடப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டுவிட்டு வெளியே வருவார்களா என்பதுதான் தெரியாது. டோரா ஆள் அனுப்பினாள், உடனே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி.

காலை வண்டி நின்றிருந்தது. ஏவால்ட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். டோரா அவன் கோட்டைப் பிடித்திருந்தாள். நடைமேடையின் கோடியில் ஹோல்ஷர், இடுப்பில் பெல்ட்டும் துப்பாக்கியுமாக. இப்போது அவன் அரசாங்கம்.

“ஆல்மா,” என்றான் ஏவால்ட். பெர்லின் வரைக்கும் கேட்ட குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “எனக்குத் தொண்டை சரியில்லன்னு எழுதிக் குடுத்து பதவிய விட்டுடலாம்னு இருக்கேன். விட்டா அடுத்த பேரு உன்னோடது.”

“எடுத்துக்கோங்க அக்கா,” என்றாள் டோரா. “இத்தன வருஷமா உங்க கண்ணு அது மேலதான இருந்துச்சு? எனக்குத் தெரியாதா? நீங்க எடுத்துக்கோங்க. எனக்கு என் புருஷன் போதும்.”

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. என் கை நடுங்கவில்லை. பயம் கொஞ்சம், ஆசைதான் அதிகம். அந்த மண்டபத்தில், அத்தனை பழுப்புச் சட்டைகளுக்கு நடுவில் நான் நடந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். மனசுக்குள்ளேயே கறுப்பு ரவிக்கையைக்கூட உடுத்திக்கொண்டுவிட்டேன்.

“நீ எழுதிக் குடுத்தா எனக்கு எப்ப அழைப்பு வரும்?” என்றேன்.

“ஒரு வாரம் ஆகும். இப்ப இருக்கிற நெலமைல கூடவும் ஆகலாம்.”

“ஓட்டு எப்ப?”

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான்.

“நாளைக்கு,” என்றாள் டோரா.

அவன் பதவியை விட்டால் எனக்கு நாற்காலி கிடைக்கும், நாளைக்கு அந்த நாற்காலி காலியாக இருக்கும். எங்கள் ஊர் போட்ட ஓட்டு, பத்திரிகையைப் பூட்டியதற்குப் பதிலடியாக விழுந்த ஓட்டு, அங்கே சும்மா கிடக்கும். ஹோல்ஷர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். இத்தனை காலம் கேட்டது கைக்கு வந்து நிற்கும்போது அதை எடுத்தால் கெட்டுவிடும் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? டோரா மேல் வந்தது, ஏவால்ட் மேல் வந்தது, செத்துப்போன ஹினெர்க் மேல்கூட வந்தது.

“ஏறு,” என்றேன்.

“ஆல்மா...”

“தொண்டை சரியில்லன்னா பேசாத. அங்க உன்ன யாரும் பேசக் கூப்பிடல. ஒரு அட்டைய எடுத்துப் பெட்டில போடணும், அவ்வளவுதான். அதுக்குமா நான் கை குடுக்கணும்?”

டோரா என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவன் ஏறினான். பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவன் இழுத்தான், என் விரல்கள் பிடியை விடவில்லை. வண்டி நகர்ந்தது. அவன் இன்னொரு தரம் இழுத்த பிறகுதான் விட்டேன்.

அவன் போட்டான். சிவப்பு அட்டை, ‘இல்லை.’ கோடையில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கைதி முகாமிலிருந்து இரண்டு குளிர்காலம் கழித்து வந்தபோது தலை நரைத்து, குரல் கரகரவென்று கால் பங்காகியிருந்தது. டோரா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே அவனைக் கொண்டுவந்து என் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் வீட்டிலேயே சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் எதிரே உட்கார்ந்து நரம்பு உரித்துக் கொடுப்பான், அதையும் கிழிப்பான். வாசிக்கப் பத்திரிகை இல்லை, வந்ததெல்லாம் ஹோல்ஷர் வகையறாப் பத்திரிகை. ஆகவே நான் கேள்வி கேட்பேன், எப்போதும் ஒரே கேள்வி.

“திரும்பச் சொல்லு. பேரு வாசிச்சாங்களா?”

“எத்தன தரம் சொல்றது? வழி நெடுக நின்னுக்கிட்டு திட்டுனாங்க. நடந்தேன். அட்டைய எடுத்தேன். போட்டேன்.”

“போடும்போது எப்படி இருந்துச்சு?”

அவன் கிழிந்த இலையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நடுங்குச்சு ஆல்மா. அட்ட கீழ விழுந்துரும்னு இன்னொரு கையால மணிக்கட்ட பிடிச்சுக்கிட்டேன். உன் கையா இருந்தா நடுங்கியிருக்காது.”

நடுங்கியிருக்காதுதான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.